பிள்ளையைப் பார்க்க முடியாத அப்பாக்களுக்கு: தமிழ்நாட்டில் சந்திப்பு உத்தரவும் கஸ்டடியும் கேட்டு வாங்கும் வழி

மனைவி பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை, வாசலுக்குப் போனாலும் கதவு திறப்பதில்லை. இந்த நிலையில் சிலர் பெரியவர்களை வைத்துப் பேசிப் பேசியே ஆறேழு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் முழு கஸ்டடி கேட்டு வழக்குப் போட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா அலைகிறார்கள். எந்த வழியில் போனாலும் கையை விட்டுப் போவது நாள்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் முகம் அந்நியமாகிவிட எட்டு மாதம் போதும். பிறகு நீதிபதி முன் பிள்ளை உங்களைப் பார்த்து அழுதால், அந்த அழுகையே உங்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

அதனால் முதலில் சந்திப்பைக் கேளுங்கள். கஸ்டடி வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். சந்திப்புக்கான இடைக்கால மனுவைப் பிரதான மனுவோடு அதே நாளில் தாக்கல் செய்யலாம், செய்தாக வேண்டும்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

வேறு வழக்கு எதுவும் நிலுவையில் இல்லையென்றால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் மனுப் போட வேண்டும். வக்கீல்கள் வாயில் இது ஜி.டபிள்யூ.ஓ.பி. இதில் 25-ஆவது பிரிவு கஸ்டடிக்கு. 12-ஆவது பிரிவு இடைக்காலத்துக்கு: குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லவும், தற்காலிகப் பொறுப்பைத் தீர்மானிக்கவும் நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. விவாகரத்து அல்லது சேர்ந்துவாழக் கோரும் வழக்கு ஏற்கெனவே நடந்தால் தனி வழக்கு வேண்டாம். இந்துத் திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டம் 38-ஆவது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. அந்த வழக்கிலேயே ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போட்டால் போதும். இஸ்லாமியர்களும் 1890 சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனைவி உங்கள் மேல் மனுப் போட்டிருந்தால், 'எனக்குத்தான் எல்லாக் கதவும் அடைத்துவிட்டதே' என்று சோர்ந்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவில், பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பை அம்மாவிடம் கொடுக்கும் மாஜிஸ்திரேட், அப்பா பார்ப்பதற்கான ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருக்கிறது. உங்கள் பதில் மனுவில் அதைக் கேளுங்கள். ஆனால் பாதுகாப்பு உத்தரவு உங்கள் மேல் இருந்தால், அதில் போகக்கூடாது என்று சொன்ன இடத்துக்குப் பிள்ளையைப் பார்க்கவென்றுகூடப் போகாதீர்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

எந்த ஊரில் போடுவது என்பதில்தான் பல மனுக்கள் தடுக்கி விழுகின்றன. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எதுவோ, அந்த ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்கிறது 1890 சட்டத்தின் 9-ஆவது பிரிவு. கோயம்புத்தூரில் பிறந்து, அங்கேயே எல்.கே.ஜி. படித்த பிள்ளையைப் போன மாதம் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போயிருந்தால், கோயம்புத்தூர்தான் வழக்கமான வசிப்பிடம் என்று வாதிட இடமுண்டு. ஒரு வருடம் கழித்து, பிள்ளை திருநெல்வேலிப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது அதே வாதம் நிற்பது கடினம். சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி போன்ற ஊர்களில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இயங்குகிறது. குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம்.

வக்கீலும் இலவச உதவியும்

இலவச வக்கீல் உதவி தரும் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்ற ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஆதார், வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று, பிரச்சினையை ஒரு பக்கத்தில் எழுதிய மனு ஆகியவற்றோடு போங்கள். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

பணம் கொடுத்து வக்கீல் வைத்தால், வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "இடைக்காலச் சந்திப்பு மனு எந்தத் தேதியில் நம்பர் ஆகும்?" நம்பர் ஆவது என்றால் நீதிமன்றம் மனுவை ஏற்று எண் கொடுப்பது. இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் "அம்மாவை ஒரு வழி பண்ணிடலாம்" என்று பேசுபவரிடம் போகாதீர்கள். கட்டணம் வாய்தாவுக்கு இவ்வளவா, மொத்தமாக இவ்வளவா என்பதை எழுதி வாங்குங்கள். தாக்கல் ஆகும் ஒவ்வொரு காகிதத்தின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் வழக்குக்கான 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வாங்கி ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டுவிட்டால், அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று யாரையும் கேட்காமல் நீங்களே பார்க்கலாம்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி நேரில் பேசுவதே அங்கே வழக்கமான வழி, வக்கீலுக்குத்தான் அனுமதி தேவை. இருந்தாலும் மனுவை மட்டுமாவது ஒரு வக்கீல் பார்த்துக் கொடுப்பது நல்லது.

ஆண்களுக்கான உதவிக் குழுக்களில் ஆறுதலும் அனுபவத் தகவலும் கிடைக்கும். ஆனால் அங்கே சுற்றும் வசைபாடும் மாதிரி மனுக்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அம்மாவைத் திட்டும் 40 பத்தி, பிள்ளையைப் பற்றி 2 பத்தி என்றிருக்கும் மனுவைப் படிக்கும் நீதிபதிக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள்.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

இந்துப் பிள்ளைக்கு அப்பா இயற்கைக் காப்பாளர் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்வதை மட்டும் நம்பி வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அதே பிரிவு, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அதனால் 'என் உரிமை' என்று எழுதுவதைவிட, நீங்கள் இதுவரை என்ன செய்தீர்கள், இனி என்ன செய்வீர்கள் என்று எழுதுவதே எடுபடும். தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, பெற்றோர் சந்திப்புக்குப் போனதற்கான பதிவு, டாக்டர் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்று, சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். உங்கள் அம்மாவோ அக்காவோ பார்த்துக்கொள்வதாக இருந்தால் அவர்களிடம் தனிப் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்வதானால், 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின் கீழான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு ஆட்சேபிக்கும்.

கோரிக்கையின் வாசகம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். 'நியாயமான நேரத்தில் பிள்ளையைப் பார்க்கலாம்' என்று வாங்கும் உத்தரவு காகிதத்தில் மட்டும் இருக்கும், ஏனென்றால் எது நியாயம் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகப் போவதில்லை. இப்படிக் கேளுங்கள்:

"ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணிக்கு இந்த இடத்தில் எதிர்மனுதாரர் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும், மாலை 5 மணிக்கு மனுதாரர் அதே இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும். பிள்ளைக்கு உடல்நலம் இல்லையென்றால் முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் மருத்துவச் சீட்டோடு தெரிவித்து, அடுத்த சனிக்கிழமை ஈடு செய்ய வேண்டும். செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு 7.30-க்கு வீடியோ அழைப்பு."

இதோடு பொங்கல், தீபாவளி, பிறந்தநாள், காலாண்டு, அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறையில் பாதி ஆகியவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பள்ளியில் மதிப்பெண் அட்டையைப் பார்க்கவும் ஆசிரியரிடம் பேசவும் அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளையை நீதிமன்ற அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற தடையை, அதற்கான அறிகுறி இருந்தால் தாமதிக்காமல் கேளுங்கள். கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. போன பிள்ளையை மீட்பது மிகக் கடினம்.

போனில் பேசும் உரிமைக்கு யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம். கஸ்டடி இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடம் பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

மனுவுக்குப் பிறகு

நோட்டீஸ் போகப் பேட்டா, அதாவது அதை அனுப்புவதற்கான கட்டணம், கட்ட வேண்டும். பேட்டா கட்டாமல் விட்டதால் இரண்டு வாய்தா வீணாவது சர்வசாதாரணம். நீதிமன்ற ஊழியரான அமீனா கொண்டுபோகும் நோட்டீசுக்கு முகவரி முழுமையாக, கதவு எண்ணோடு இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வந்ததும் கவுன்சிலிங் அல்லது சமரச மையத்துக்கு அனுப்புவார்கள். அதைச் சடங்காக நினைக்காதீர்கள். அங்கே பேசுவது வெளியே போகாது, அங்கே ஒத்துக்கொண்டு எழுதும் சந்திப்பு அட்டவணைதான் பெரும்பாலும் நிலைக்கிறது.

முதல் சந்திப்பு நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஆரம்பிக்கலாம். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்தடுத்த படிகள் அதிலிருந்துதான் வளரும். நாலைந்து உறவினர்களோடு போகாதீர்கள். பெரிய பொம்மையும் புதுச் செல்போனும் வேண்டாம். ஒரு படம் வரையும் நோட்டு, கிரையான், பிள்ளை வழக்கமாகத் தின்னும் பிஸ்கட், ஒரு தண்ணீர் பாட்டில் போதும். பிள்ளை கிட்டே வராமல் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றால் தூக்கப் பாயாமல், தரையில் உட்கார்ந்து நீங்களே படம் வரைய ஆரம்பியுங்கள். பத்து நிமிடமோ நாற்பது நிமிடமோ, அதுவாக வரும். "அம்மா என்ன சொன்னா?", "அப்பா வீட்டுக்கு வர்றியா?" என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். பிள்ளையைப் பேசவைத்துப் பதிவு செய்வதும் அப்படித்தான். நீதிபதி பிள்ளையைத் தனியறையில் கூப்பிட்டு விசாரிக்கும்போது இவை எல்லாம் வெளியே வரும்.

சந்திப்பு முடிந்ததும் குறித்த நேரத்துக்குள் ஒப்படையுங்கள். 'இன்னும் ஒரு ராத்திரி' என்று பிள்ளையை வைத்துக்கொண்டவர்களுக்கு அடுத்த சந்திப்பே கிடைக்காமல் போயிருக்கிறது.

அவர்கள் வரவில்லை என்றால், நீங்கள் மட்டும் அந்த இடத்தில் முழு நேரமும் இருங்கள். வந்ததற்கு நேரத்தோடு ஒரு போட்டோ எடுங்கள். "காலை 10 முதல் 5 வரை காத்திருந்தேன்" என்று அன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், திட்டாமல், மிரட்டாமல். தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு முறை இப்படி ஆனால் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வக்கீல் வழியாக மெமோ போடுங்கள், தொடர்ந்தால் நிறைவேற்று மனுவோ அவமதிப்பு மனுவோ போடலாம். ஆறு தேதி எழுதிய நோட்டு, "எப்பவுமே வரமாட்டாங்க சார்" என்ற வாய்ச்சொல்லைவிட நூறு மடங்கு பெரிய ஆயுதம்.

ஜீவனாம்சத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தினால், பாக்கிக்காகச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு, உங்கள் சந்திப்பு மனுவும் அதோடு பலவீனமாகும். அது வேறு, இது வேறு. வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், கையில் கொடுத்த பணத்துக்குக் கணக்கு நிற்காது.

ஒருமுறை மறுத்த உத்தரவு கடைசி உத்தரவு அல்ல. கஸ்டடி உத்தரவுகள் எப்போதும் நிலைமைக்கேற்ப மாற்றத்தக்கவை என்பதை 1973-லேயே, சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளை வளர்ந்ததும், வேலையோ வீடோ மாறியதும் புதிய மனு போடலாம். குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தென் மாவட்டத்தவர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். சான்றிட்ட நகலுக்கு உத்தரவு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

மனைவி இறந்துபோய், பிள்ளையை அவர் வீட்டார் தர மறுத்தால் வழி வேறு. பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவே உயர் நீதிமன்றத்தில் போடலாம். 2019-ல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், அம்மாவின் சகோதரிகளிடம் இருந்த குழந்தையை அப்பாவிடம் ஒப்படைத்தது அந்த வழியில்தான்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை ஊரில் ஒருவருக்கு அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். விடுப்புத் தேதிகளை முன்கூட்டியே மனுவில் எழுதி, அந்த நாட்களுக்கு மட்டும் தொடர்ச்சியான சந்திப்புக் கேளுங்கள்.

பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் வாய்தாவுக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி தூக்கம் வராமல், நெஞ்சு அடைத்துப்போய் என்ன செய்வதென்றே தெரியாத நேரத்துக்கு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.