டொராண்டோ குளிரும் நம் அடுப்படியும்: புதிதாக வந்தவர்களுக்கு

செப்டம்பரில் டொராண்டோ வந்து இறங்குகிறவர்கள் ஜாக்கெட் எங்கே மலிவு, பூட்ஸ் எது நல்லது என்றுதான் விசாரிப்பார்கள். சாப்பாட்டுக் கவலை டிசம்பரில்தான் வரும். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். வேலையோ வகுப்போ முடிந்து, பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்று, பேஸ்மென்ட் வீட்டுக்குள் நுழையும்போது சமைக்கத் தெம்பு இருக்காது. நான் சொல்வது இவ்வளவுதான்: வார நாட்களுக்கு, நீர்க்கச் சூடாக, ஒரே சட்டியில் முடிகிற இரண்டு மூன்று சமையலைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிரியாணியைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

முதலிடம் மிளகு ரசத்துக்கு. இரண்டு பேருக்கு ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், தோலோடு ஐந்து பல் பூண்டு. ஒன்றிரண்டாக நசுக்கினால் போதும், நைசாக அரைத்தால் ரசம் கலங்கிவிடும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, தக்காளி, மஞ்சள், உப்பு சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். ஜனவரியில் கடையில் இருக்கும் தக்காளிக்கு நிறம் மட்டும்தான் உண்டு. அதற்கு 796 மில்லி டின் தக்காளி எவ்வளவோ மேல். மீதியை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். நசுக்கியதைப் போட்டபின் கொதிக்கக்கூடாது. ஓரத்தில் கட்டும் நுரை நடுவுக்கு வந்ததும் இறக்க வேண்டும். கரண்ட் அடுப்பு காலை வாருவது இந்த இடத்தில்தான். அணைத்தபிறகும் சூடு அடங்காது, ரசம் தளதளவென்று கொதித்துவிடும். சட்டியையே பக்கத்து அடுப்புக்கு நகர்த்திவிடுங்கள்.

அப்புறம் தாளிப்பு. கடுகு வெடித்து மிளகாய் கருகும் நேரத்தில் புகை அலாரம் அலறும். சிலர் அதன் பேட்டரியைக் கழற்றுவார்கள், சிலர் பிளாஸ்டிக் பையால் மூடுவார்கள். இரண்டும் வேண்டாம், ஆபத்து, சட்டப்படியும் தப்பு. எண்ணெயை மிதமாகக் காயவைத்து, ஜன்னலை விரலளவு திறந்து, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தாளியுங்கள். அதற்கு முன்னால் குளிர் ஜாக்கெட்டை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அந்தத் துணி வாசனையைப் பிடித்தால் மார்ச் வரை விடாது.

சளி பிடித்த நாளைக்குக் கஞ்சி. அரை கப் பச்சரிசி, கால் கப் பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், பூண்டு. ஆறு கப் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவைத்து, கடைசியில் அரை கப் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருந்தால் சரி.

யாழ்ப்பாணத்துச் சொதி அதைவிடச் சீக்கிரம் முடியும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வருமுன் இறக்கி, ஆறியபின் தேசிக்காய் (எலுமிச்சை) பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரைந்துவிடும். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளில் இடியப்பம் பொட்டலமாகவே கிடைக்கிறது, அவிக்கிற வேலையும் மிச்சம்.

ஒடியல் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் யாழ்ப்பாணத்துக் கூழ், வார நாள் வேலையில்லை. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் பெரிய பானையில் வேக, புளியும் அரைத்த மிளகாயும் சேர, ஊறவைத்துத் தெளிந்த நீரை வடித்த ஒடியல் மாவு கடைசியில் இறங்கும். மாவை ஊறவைக்காமல் போட்டால் கசக்கும். பத்துப் பேருக்குக் குறைவாகக் காய்ச்சுவதில் அர்த்தமில்லை. வெளியே பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமை யாராவது கூழுக்குக் கூப்பிட்டால், வேறு வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இதைச் சாப்பிட்டிராதவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

இட்லி மாவு இங்கே மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. ஓவனைச் சூடாக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவை வைத்து மூடுங்கள், விடிவதற்குள் பொங்கிவிடும். தயிர் உறைய வைக்கவும் அதே வழிதான். கதவில் ‘உள்ளே மாவு’ என்று சீட்டு ஒட்டிவையுங்கள். கூடத் தங்கியிருப்பவர் ஃப்ரோசன் பீட்சாவுக்காக ஓவனைப் போட்டால், மாவும் போச்சு, பிளாஸ்டிக் டப்பாவும் போச்சு.

ஊரிலிருந்து மிக்ஸியைச் சுமந்து வராதீர்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்ஸிக்கு 230 வேண்டும். இங்கே ஓடக்கூடிய, 110 வோல்ட் என்று போட்ட மிக்ஸி இங்குள்ள இந்தியக் கடைகளிலேயே விற்கிறது. அடி உருண்ட வாணலியும் கண்ணாடி அடுப்பில் நிற்காது, தட்டையான அடியுள்ளதாக வாங்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வாயகன்ற தெர்மாஸ் ஒன்று வேண்டும். காலையில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் ரசம் சாதத்தை உடனே போட்டு மூடினால் பன்னிரண்டு மணிக்கும் சூடாக இருக்கும். மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நிற்க வேண்டாம். கருவாட்டுக் குழம்பு கொண்டுபோன அன்றைக்கு, பக்கத்து மேசைக்காரரின் பார்வையும் கொஞ்சம் குறையும்.