கலைவாணர் வாழ்வை வில்லுப்பாட்டாக அமைப்பது எப்படி?

குமரி மாவட்டத்திலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தமிழர் வாழும் ஊர்களிலும், தெய்வக் கதையோடு பெரியோர் ஒருவரின் வாழ்க்கையையும் வில்லில் பாடித் தரும்படி கேட்கும் விழாக் குழுக்கள் உண்டு. அவ்வாறு கேட்கப்படும் இளம் பாடகர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, நாடகக் கொட்டகையில் வளர்ந்து, திரையில் கொடிகட்டிப் பறந்த அவர், காந்தியடிகளின் கதையைத் தாமே வில்லுப்பாட்டாகப் பாடியவர். ஆகவே வில்லின் முன் அவர் கதை அந்நியப்பட்டு நிற்காது.

எப்போது பாடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கோயில் கொடை விழாவில் நண்பகல் பூசையான மதியக்கொடைக்கும் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கும் உரிய நேரம் தெய்வத்துக்கே உரியது. அந்த நேரத்தில் நடிகர் கதையை நுழைப்பது முறையன்று. மறுநாள் மாலையோ, விழாவின் முதல் மாலையோ ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

செய்திகளைத் திரட்டும்போது நாடகம் ஒரு பக்கம், திரைப்படம் ஒரு பக்கம் என்று குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்து, ஆண்டு வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கங்களும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பதில்தான் கதை இருக்கிறது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்ற நாடகக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த கிருஷ்ணன், பாட்டு, வசனம், வேடம் அனைத்தையும் அங்கேதான் கற்றார். அதே சகோதரர்கள் நடித்த ‘மேனகா’ 1935இல் திரைக்கு வந்தபோது அவரும் அதில் இருந்தார். அவர் நடித்த ‘சதி லீலாவதி’ படப்பிடிப்பில் முந்திக்கொண்டாலும் 1936இல்தான் வெளியாயிற்று. எனவே எது முதல் படம் என்பதில் நூல்கள் வேறுபடும். மேடையில் ஒன்றைத் தேர்ந்து சொல்லிவிடாமல், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இல்லாமல் போகமாட்டார்.

அமைப்புக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். காப்பு (கடவுள் வணக்கம்), குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி (வாழ்த்து) என்ற பழைய வரிசையே போதும். இவற்றுள் நாட்டு வளத்தைச் சுருக்கிவிடாதீர்கள். பழையாற்றங்கரையும் நாஞ்சில் நாட்டு வயல்களும் வழக்கமான வருணனையாக வரட்டும். அதோடு, 1908 நவம்பர் 29இல் அவர் பிறந்தபோது அந்த மண் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது என்பதையும், அது சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1க்குப் பின் ஓர் ஆண்டுகூட அவர் உயிரோடு இல்லை என்பதையும் பாடலிலேயே வையுங்கள். எல்லையின் இரு புறத்தாரும் அவரைத் தம்மவராகக் கேட்பதற்கு இதைவிட நல்ல வாயில் இல்லை.

கதைப் பகுதியில் அதிக உழைப்பைக் கோருவது நகைச்சுவை. அவர் படங்களில் செய்த வேடிக்கைகளை அப்படியே நடித்துக் காட்டினால் அது பலகுரல் நிகழ்ச்சியாகிவிடும். அவர் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்து, தம் மனைவியும் நடிகையுமான டி. ஏ. மதுரத்தோடு கேள்வியும் பதிலுமாக நடத்திச் சென்ற முறையைத்தான் நாம் கைக்கொள்ள வேண்டும். வில்லில் அதற்கு ஏற்ற ஆள் ஏற்கெனவே இருக்கிறார்: கதையைப் பாடிச் செல்லும் தலைமைப் பாடகரான புலவருக்கு ‘ஆமா’ போடும் துணைப்பாடகர். சிறு வயதில் கிருஷ்ணன் கொட்டகையில் சோடாவும் கலரும் விற்றதைச் சொல்ல நான் எழுதிய துண்டு இது:

“கொட்டகைக்குள்ள போவணும்னா டிக்கெட்டு வேணும்லா?”
“ஆமா, வேணும்.”
“கையில காசு இல்ல. சோடாக் குப்பிதான் இருக்கு. அதத் தூக்கிட்டு உள்ள போனா எவன் தடுப்பான்?”
“ஆமா! நாவறண்டு கிடக்க சனம் கும்பிட்டுல்லா கூப்பிடும்!”

கடைசி வரிக்குப் பின் குடமும் உடுக்கையும் உடனே எழக் கூடாது. சிரிப்பு அடங்கும்வரை, வில்லைத் தட்டும் வீசுகோல் நாணின் மேல் சும்மா இருக்கட்டும். அதன் பிறகே தாளம் எழ வேண்டும். இந்த இடைவெளியை ஒத்திகையில் பழகாவிட்டால் சிரிப்பை உடுக்கை விழுங்கிவிடும்.

அவருடைய சீர்திருத்தக் கருத்துகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கிப் பிரசங்கம் செய்ய வேண்டாம். ‘நல்லதம்பி’ (1949) படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபம் ஒன்றே போதும். நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு ஏங்கும் அடியாருக்குப் பதிலாகப் படிப்புக்கு ஏங்கும் சிறுவனை அதில் வைத்தார் என்று சொன்னாலே கேட்பவர்கள் மற்றதைப் புரிந்துகொள்வார்கள்.

சிறைப் பகுதியை மிகுந்த நிதானத்தோடு கையாளுங்கள். 1944 நவம்பரில் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை தொடர்பாக எம். கே. தியாகராஜ பாகவதரோடு அவரும் கைதாகித் தண்டனை பெற்றார். வழக்கு அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். கொலையை விரிவாகப் பாடி ஒப்பாரி வைக்கும் ஆசை வரும். அதற்கு இடம் தராதீர்கள். இங்கே உயர்ந்து நிற்க வேண்டியவர் மதுரம் அம்மையார். கணவர் சிறையில் இருந்த காலத்தில் நடிகர் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவை நடத்தி, ‘பைத்தியக்காரன்’ நாடகத்தைப் படமாக்கவும் முனைந்தார். விடுதலையாகி வந்த கிருஷ்ணன் அந்தப் படத்திலேயே தோன்றினார். நாடகம் கைவிடாமல் காத்துத் திரைக்குத் திருப்பித் தந்த வாழ்க்கை என்பது இந்த இடத்தில் தெளிவாகும். ஆகையால், மெட்டைத் தாழ்த்தி மெதுவாகத் தொடங்கி, விடுதலைச் செய்தியில் துரித கதிக்கு மாறுங்கள்.

பிற்காலத்தில் ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களை அவர் இயக்கியதை இரண்டு அடிகளில் சொல்லிவிடலாம். 1957 ஆகஸ்ட் 30இல் மறைந்தார் என்ற செய்தியைப் பாட்டாக்காமல் வசனமாகவே சொல்லுங்கள். படங்களின் பட்டியலை மட்டும் எக்காரணம் கொண்டும் பாட வேண்டாம். கூட்டம் கலைவதற்கு அது ஒன்றே போதும்.

எல்லைக்கு அப்பால் பாடுவதானால், சிரிப்புக்குரிய வரிகளில் உள்ளூர்க் கொச்சையை நாஞ்சில் பேச்சோடு கலந்துகொள்ளலாம். பாட்டின் மூலத்தை விழாக் குழுவுக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆண்டுகளில் பிழை இருந்தால் திருத்தவும், கோயிலுக்கு ஒவ்வாத சொல் இருந்தால் எடுக்கவும் அவகாசம் கிடைக்கும். வாழி பாடும்போது வழக்கப்படி கோயிலையும் ஊரையும் கொடை நடத்துவோரையும் வாழ்த்தி, கலைவாணர் பெயரை அவர்களுக்குப் பின் சேர்த்துக்கொள்ளுங்கள்.