பழைய ஸ்டாம்பு ஷீட்டு சேக்குறவங்க மொதல்ல ஓரத்தப் பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல பழைய கிராணி (தோட்டத்து கிளார்க்கு) ஆபீச இடிச்சப்ப அலமாரிக்குப் பின்னாடி ஒரு அட்டை ஃபைல் கெடந்துச்சு, தொறந்து பாத்தா 1957ல வந்த மலாயா கூட்டரசு ஆறு காசு ஸ்டாம்பு, பால்மரம் சீவுற படம் போட்டது, ஒண்ணுகூட கிழிக்காம முழு ஷீட்டு, அதான் அச்சடிச்ச மொத்தத் தாளு. எங்கம்மா முப்பது வருசம் செஞ்ச வேலை அந்தப் படத்துல இருக்கு. அன்னையிலேர்ந்து ஒத்த ஸ்டாம்ப விட்டுட்டு ஷீட்டு சேக்க ஆரம்பிச்சேன்.

ஸ்டாம்பே கிழிச்சு ஒட்டுறதுக்குத்தான் அடிக்கிறாங்க, அதனாலதான் முழுசா தப்பிச்சது கொறச்சல். கையில கெடச்சா மொதல்ல நாலு பக்க வெள்ளை ஓரத்தப் பாருங்க. அச்சடிச்ச கம்பெனி பேரு, பிளேட் நம்பர் (அச்சுத் தகட்டோட எண்) எல்லாம் பெரும்பாலும் அந்த ஓரத்துலதான் இருக்கும், அது போயிடுச்சுன்னா மதிப்புல பாதி போயிடுச்சுன்னுதான் நான் சொல்வேன். அப்புறம் ஷீட்டுல எத்தனை ஸ்டாம்புன்னு எண்ணுங்க. எல்லா ஷீட்டும் நூறு கெடையாது, பிரிட்டன்ல 1840ல வந்த பென்னி பிளாக் ஒரு ஷீட்டுக்கு 240, ஏன்னா அப்ப ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அந்த வெளியீட்டுல ஒரு ஷீட்டுக்கு எத்தனைன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க, இல்லன்னா பாதி ஷீட்ட வெட்டி முழுசுன்னு வித்துருவாங்க.

ஸ்டாம்பு கிழிக்கப் போட்ட ஓட்டை வரிசைய லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, பிரிஞ்சத பின்னால பேப்பர் வச்சு ஒட்டியிருந்தா அந்த எடம் மட்டும் இருட்டா தெரியும். பசைப் பக்கம் மறக்காம பாருங்க, ஓட்டை நுனியில இருக்குற பேப்பர் நார் வெறைப்பா பசை ஏறி நின்னா மறுபடி பசை தடவுன சரக்கு.

ஜப்பான்காரன் காலத்து ஸ்டாம்புல, அதான் பழைய மலாயா ஸ்டாம்பு மேல 'டாய் நிப்பான் 2602'ன்னு அடிச்சது, ரொம்ப கவனம் வேணும். 2602ங்கறது அவங்க கணக்குல 1942. மேல அடிச்ச எழுத்துல போலி நெறைய ஓடுது, அனுபவம் உள்ள ஒருத்தர் பாக்காம காச கொடுக்காதீங்க. உண்மையான முழு ஷீட்டு கெடச்சா பெரிய பாடம் அது, எந்த வரிசையில எந்த எழுத்து ஒடஞ்சிருக்கு, எங்க சாஞ்சிருக்குன்னு ஒரே பார்வையில தெரியும், ஒத்த ஸ்டாம்புல அது தெரியாது.

இப்ப பத்திரப்படுத்துறது, நம்ம ஊருக்கு இதான் பெரிய தலைவலி. மழைக்காலத்துல லயத்து வீட்டு சுவத்துல கை வச்சாலே ஈரம், ஸ்டாம்பு பசை சும்மா இருக்குமா? நான் ரெண்டு பேராக் மாநிலத்து ஷீட்ட, சுல்தான் யூசுப் படம் போட்ட 1950 சீரிஸ், ஒண்ணுமேல ஒண்ணா வச்சுட்டேன், நவம்பர் முடிஞ்சு எடுத்தா ரெண்டும் ஒரே அட்டையா ஒட்டிக்கிச்சு. பிரிக்கறப்ப மேல இருந்த ஷீட்டோட பசை கீழ உள்ள சுல்தான் மொகத்தோட வந்துச்சு, இன்னும் மனசு ஆறல. அதனால ஒவ்வொரு ஷீட்டுக்கும் நடுவுல கிளாசின் பேப்பர் (வழவழன்னு மெல்லிசா இருக்குற பேப்பர்) வைங்க, ஏ3 ஃபைல்ல படுக்கப் போடுங்க, மேல கனம் ஏத்தாதீங்க. மடிக்கவே கூடாது. பிவிசி பிளாஸ்டிக், லாமினேட், செலோடேப் மூணும் வேணாம். டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு மாசம் ஒருக்கா மாத்துங்க, கரப்பான் பசைய திங்கும் அதனால மூடி இறுக்கமா இருக்கணும். தவிட்டு நெறத்துல புள்ளி விழுந்த ஷீட்ட மத்ததோட சேக்காதீங்க, பரவும்.

வாங்குறதுக்கு ஈப்போ ஞாயித்துக்கெழம பழைய சாமான் சந்தைக்கு விடியக்காலையிலயே போங்க, தோட்டத்துல வேல பாத்த பழைய கிராணி வீட்டுங்கள்லயும் கேட்டுப் பாருங்க. கிப்பன்ஸ் கேட்டலாக்ல, அதான் ஸ்டாம்பு வெல போட்ட புத்தகத்துல, இருக்குறது ஒத்த ஸ்டாம்பு வெல, அத நூறால பெருக்கி வெல சொன்னா ஒத்துக்காதீங்க, சாதாரண வெளியீட்டுக்கு அதவிட நல்லா கொறச்சே கெடைக்கும். வாங்குன எடம், தேதி, கொடுத்த காசு எல்லாத்தையும் பென்சில்ல ஃபைல் அட்டையில எழுதுங்க, ஷீட்டு ஓரத்துல வேணாம்.