மழை வந்தால் அலறும் அலாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை பெய்தாலே என் 1997 மாடல் ஸ்போர்ட்ஸ் காரின் அலாரம் நடுராத்திரியில் அலறி லயத்து வரிசை வீடுகளையே எழுப்பிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சரியான சாவி என்று தெரியாவிட்டால் எஞ்சினைத் தடுக்கும் இம்மொபிலைசரையே பைபாஸ் பண்ணச் சொன்னார்கள், மனம் வரவில்லை.

பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. பானட் (எஞ்சின் மூடி) சுவிட்சைக் கழற்றினால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. ஈரம் பட்டதும் பானட் திறந்துவிட்டதாக அலாரத்துக்குத் தகவல் போகிறது. உப்புத்தாளில் தேய்த்து கிரீஸ் தடவினேன், அலறல் நின்றது.

எஞ்சின் சங்கதி வேறு. சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவித்துவாரத்தைச் சுற்றியுள்ள வளைய ஆன்டெனாதான் அதற்கு மின்சக்தி கொடுத்துப் படிக்கிறது. ஸ்பேர் சாவியிலும் அதே கதை என்பதால் சந்தேகம் வளையத்தின் மேல் விழுந்தது. அதன் பிளக்கை அழுத்திப் பிடித்துச் சாவியைத் திருப்பினேன். இம்மொபிலைசரின் சிவப்பு விளக்கு அணைந்து எஞ்சின் பிடித்தது. தளர்ந்திருந்த பின்னை நெருக்கி மாட்டினேன். இப்போது தினமும் முதல் திருப்பிலேயே பிடிக்கிறது.