முகமதிப்பு பத்து ரூபாய், விலை ஒரு லட்சம்: பங்குக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கிரீம்ஸ் ரோட்டில் தலைமை அலுவலகம் உள்ள எம்ஆர்எஃப் டயர் கம்பெனியின் ஒரு பங்கு, 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதன் முகமதிப்பு என்னவோ பத்து ரூபாய்தான். "பத்து ரூபாய்ச் சரக்கை லட்சத்துக்கு விற்கிறானா, அநியாயமா இல்லை?" என்று மாம்பலம் மாமா யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கு உள்ள பலருக்கே இந்தக் குழப்பம் உண்டு.

கம்பெனி தன் பங்கு மூலதனத்தைச் சம கூறுகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு கூறுக்கும் போட்டுக்கொள்ளும் கணக்குத் தொகைதான் முகமதிப்பு. எம்ஆர்எஃபின் பங்கு மூலதனம் மொத்தமே சுமார் 4.24 கோடி ரூபாய். அதாவது 42 லட்சம் பங்குகளுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவ்வளவு பெரிய கம்பெனியின் மொத்த மதிப்பை இத்தனை குறைவான பங்குகளால் வகுத்தால் விலை லட்சத்தில்தான் நிற்கும். டிசிஎஸ் பங்கின் முகமதிப்பு 1 ரூபாய், இன்ஃபோசிஸுக்கு 5. இதை வைத்து எது உசத்தி, எது மட்டம் என்று சொல்லவே முடியாது. சந்தை விலை முகமதிப்பைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்குப் போடுவதும் வீண் வேலை. மலிவா, விலை அதிகமா என்று பார்க்க ஒரு பங்குக்கான லாபத்தையும் புத்தக மதிப்பையும் எடுங்கள். புத்தக மதிப்பு வேறு: சொத்திலிருந்து கடனைக் கழித்து, மீதியைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது.

பணத்தைப் பதம் பார்க்கும் தவறு டிவிடெண்டில்தான், அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணத்தில். "1,690 சதவீத டிவிடெண்ட்" என்று தலைப்புச் செய்தி வரும். அந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல் கணக்கிடப்படுவது. நீங்கள் கொடுத்த விலையின் மேல் அல்ல. எம்ஆர்எஃப் 2022-23க்கு அறிவித்த இறுதி டிவிடெண்ட் பங்குக்கு 169 ரூபாய். பத்து ரூபாய்க்கு அது 1,690 சதவீதம். ஒரு லட்சம் போட்டவருக்கு 0.17 சதவீதம்கூட இல்லை. எல்ஐசியிலும் இதே கதை. 2022 மே மாதம் பொதுப்பங்கு வெளியீட்டில், அதாவது முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது, ஒரு பங்கு 949 ரூபாய். அடுத்து வந்த டிவிடெண்ட் 1.50 ரூபாய், அதாவது முகமதிப்பில் 15 சதவீதம். பென்ஷன் பணத்தைப் போட்டுவிட்டு, வங்கி வட்டியைப்போல் இரண்டு மடங்கு வருகிறது என்று யாரும் நம்பிவிடக் கூடாது. சதவீதத்தை விடுங்கள், பங்குக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். அப்புறம் அதை நீங்கள் வாங்கிய விலையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பொதுப்பங்கு வெளியீட்டில் முகமதிப்புக்கு மேல் கேட்கும் தொகை பிரீமியம். 2022-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 10 ரூபாய்ப் பங்கை 510 ரூபாய்க்கு வெளியிட்டது. அதில் 500 பிரீமியம். இதை ஏமாற்று என்று நினைப்பது தவறு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த லாபத்திலும் தொழிலிலும் புதிதாக வருபவர் பங்கு கேட்கிறார், அதற்கான விலை அது. விலை நியாயமா என்பது தனிக் கேள்வி.

பங்குப் பிரிப்பு நடக்கும் நாளில் சிலருக்கு நெஞ்சே நின்றுவிடும். 2014-இல் ஸ்டேட் வங்கி 10 ரூபாய்ப் பங்கைப் பத்து 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. இப்படிப் பிரித்தால் விலை பத்தில் ஒன்றாகத் தெரியும். பங்குகளோ பத்து மடங்காகியிருக்கும். புதிய பங்குகள் கணக்கில் ஏற ஓரிரு நாள் பிடிக்கலாம், அதற்குள் பதறி விற்க வேண்டாம். கம்பெனி காசு வாங்காமல் கூடுதலாகத் தரும் போனஸ் பங்கிலும் விலை இறங்கும், ஆனால் முகமதிப்பு மாறாது.

கடன் பத்திரத்தில் மட்டும் முகமதிப்புக்கு நிஜமான கனம் உண்டு. வட்டியும் அதன் மேல்தான், முதிர்வில் கைக்கு வருவதும் அதுதான். 1,000 ரூபாய் முகமதிப்பு, 9 சதவீத வட்டி, இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி என்று ஒரு பத்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சந்தையில் 1,060 கொடுத்து வாங்கினால் முதிர்வில் 60 ரூபாய் போய்விடும். உண்மையில் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 5.75 சதவீதம். பத்திரத்தின் மேல் 9 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கடைசியாக, பழைய பீரோக்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் தாத்தா காலத்துப் பங்குச் சான்றிதழ்கள் இன்னும் கிடைக்கின்றன. "100 பங்குகள், தலா 10 ரூபாய்" என்று அச்சடித்திருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு யார் அலைவது என்று பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். கம்பெனி நன்றாக நடந்திருந்தால், இடையில் வந்த போனஸும் பிரிப்பும் சேர்ந்து அந்த நூறு பல நூறாகியிருக்கலாம். காகிதப் பங்கைக் கைமாற்றி விற்பது 2019 ஏப்ரல் முதல் முடியாது. டீமேட்டுக்கு மாற்ற வேண்டும், இறந்தவர் பெயரில் இருந்தால் முதலில் வாரிசு ஆவணம் வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால், பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு (ஐஇபிஎஃப்) போயிருக்கும். அங்கிருந்தும் ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டுத் திரும்பப் பெறலாம். சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணை (பங்குதாரரின் கணக்கு எண்) எடுத்துக்கொண்டு, பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் கம்பெனியின் பதிவாளருக்கு முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். இன்று கணக்கில் எத்தனை பங்கு நிற்கிறது என்பதை அவர்கள் சொல்வார்கள்.