இலியட் படிக்கப் போகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

இலியட் என்பது டிராய் நகரத்தின் மீது கிரேக்கர் நடத்திய போரைப் பற்றி ஹோமர் பாடிய பழைய கிரேக்கக் காவியம். முதலில் ஒரு எச்சரிக்கை. டிராயை வீழ்த்திய மரக்குதிரை இலியட்டில் வராது. அது ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் எட்டாம் பகுதியில் ஒரு பாணன் பாட்டாக வருகிறது. கிரேக்க மாவீரன் அகிலீஸின் சாவும் டிராய் எரிவதும்கூட இதில் இல்லை. பத்தாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் சில வாரங்கள்தான் கதை. அகிலீஸின் கோபத்தில் தொடங்கி டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும்.

படி 1: மொழிபெயர்ப்பு

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். எமிலி வில்சன் (2023) எளிமையானவர், ராபர்ட் ஃபேகிள்ஸ் (1990) வேகமானவர். ரிச்மண்ட் லாட்டிமோர் (1951) மூலத்தை அடிக்கு அடி ஒட்டிப் போவார், நடை கொஞ்சம் கரடுமுரடு. சாமுவேல் பட்லரின் உரைநடை (1898) இணையத்தில் இலவசம். ஆனால் அவர் கடவுளரின் தலைவன் ஸீயஸை ஜோவ் என்றும் பெண் தெய்வம் அத்தீனாவை மினர்வா என்றும் ரோமானியப் பெயரால் அழைப்பார், குழம்பாதீர்கள். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் (1715–1720) இயைபுத் தொடையில் ஈரடி ஈரடியாகப் பாடியது அழகுதான், ஆனால் அதில் ஹோமரைவிடப் போப்பே அதிகம். முதல் வாசிப்புக்கு வேண்டாம்.

என் பரிந்துரை: வில்சனைப் படியுங்கள், லாட்டிமோரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெயர்கள்

அக்கேயர், ஆர்கைவர், டனாவர் மூவரும் ஒரே கிரேக்கப் படைதான். ஹெக்டரின் தம்பி பாரிஸுக்கு அலெக்சாண்டர் என்றும் பெயர். ‘பீலியூஸின் மகன்’ என்றால் அகிலீஸ். ‘அத்ரியூஸின் மகன்’ என்றால் மட்டும் உஷார்: கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானாகவும் இருக்கலாம், தம்பி மெனலாஸாகவும் இருக்கலாம்.

படி 3: வரிசை

மொத்தம் 24 பகுதிகள், ஏறத்தாழ 15,700 அடிகள். முதல் சுற்றில் 1, 6, 9, 16, 18, 22, 24 போதும். பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இரண்டாம் பகுதியின் பின்பாதியில் வரும் கப்பல் பட்டியலில்தான் பலருக்கு மூச்சு வாங்கும். அதை இரண்டாம் சுற்றுக்கு ஒத்திவையுங்கள்.

படி 4: திரும்பத் திரும்ப வருவதைத் தாண்டாதீர்கள்

அகிலீஸ் உட்கார்ந்து பேசும்போதும் ‘விரைந்த காலுடைய அகிலீஸ்’தான். இது வாய்மொழிப் பாட்டின் இலக்கணம்: யாப்பில் அந்த இடத்தை நிரப்ப அந்த அடைமொழி தயாராக இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி 1930களில் யுகோஸ்லாவியப் பாடகர்களிடம் போய் ஆராய்ந்தது இதைத்தான். அந்தக் கண்ணோட்டத்தைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் நம் க. கைலாசபதி, அதைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968இல் வந்தது.

படி 5: ஒரே காட்சியை இரண்டு மொழிபெயர்ப்புகளில் படியுங்கள்

ஆறாம் பகுதியை எடுங்கள், சுமார் 466ஆம் அடியிலிருந்து. போருக்குத் திரும்பப்போகும் ஹெக்டர் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்து மிரண்டு, பிள்ளை தாதியின் மார்பில் ஒண்டிக்கொள்கிறது. தாய் தகப்பன் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை முத்தமிடுகிறான். தன்னைவிட இவன் சிறந்தவன் என்று ஊர் சொல்லட்டும் என ஸீயஸை வேண்டுகிறான். அவன் மனைவி அந்த்ரோமகி கண்ணீரோடு சிரிக்கிறாள்.

மொழிபெயர்ப்பாளர் எங்கே தன் பங்குக்கு உருக்கம் சேர்க்கிறார், எங்கே சும்மா விடுகிறார் என்று பாருங்கள். கவசத்தைத் தரையில் வைக்கும் அடி எளிமையாக இருக்கிறதா, ஜோடனையாக இருக்கிறதா? போப்பை இங்கே தாராளமாகத் திறக்கலாம், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடி எண்ணுக்கு லாட்டிமோரை நம்புங்கள். மற்ற பதிப்புகளில் எண் தள்ளிப்போகலாம்.

படி 6: மூலம் (விருப்பமிருந்தால்)

கிரேக்க எழுத்துகள் 24தான். அவை பழகியதும் பெர்சியஸ் டிஜிட்டல் லைப்ரரி என்ற இணையதளத்தில் அதே அடிகளைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொடுக்குங்கள். பொருளும் இலக்கணமும் அங்கேயே கிடைக்கும்.