சென்னை வளாகங்களின் சொற்பொழிவுகளை உங்கள் காலண்டருக்குக் கொண்டுவருவது எப்படி?

மாலை ஐந்து மணிக்குப் பேச்சு. நான் நாலே முக்காலுக்கே போய்விட்டேன். அரங்கத்தில் பாதி விளக்கு அணைந்திருந்தது. கரும்பலகையில் அரைகுறையாக அழித்த ஒரு சமன்பாடு, பின்வரிசை மேசையில் அடுக்கி வைத்த காகித டீக் கோப்பைகள். பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "மீட்டிங்குக்கா தம்பி? அது காலையிலயே முடிஞ்சுபோச்சே" என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். காலண்டரில் மாலை 5.00 என்றுதான் இருந்தது. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பில் முற்பகல் 11.30.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தவன் நான். அந்த ஐந்தரை மணி நேரம் எங்கிருந்து முளைத்தது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகு, என் காலண்டரை ஒழுங்காக அமைத்துக்கொண்டேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். கூகுள் கணக்கு இருக்கிறது, கணினியில் காலண்டரைத் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கெல்லாம் தேடலாம்?

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பறக்கும் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே போனால் பாதி சொற்பொழிவு அரங்குகள் வந்துவிடும். சேப்பாக்கத்தில் இறங்கினால் 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். கஸ்தூரிபா நகர் பக்கம் ஐஐடி. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மூன்றும் இருக்கின்றன. சென்னைக் கணிதவியல் கழகம் மட்டும் சிறுசேரியில் தள்ளி இருக்கிறது. அங்கே போய்வர அரை நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அறிவிப்பில் இருக்கும் சொல்லையும் கவனிக்க வேண்டும். 'பப்ளிக் லெக்சர்' என்றால் யாரும் போகலாம், பேசுபவரும் அதற்கேற்றபடி பேசுவார். 'கொலோக்கியம்' என்றால் மொத்தத் துறைக்கும் பொதுவான பேச்சு. முதல் இருபது நிமிடமாவது நமக்குப் புரியும். 'செமினார்' என்றால் அந்த உட்பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு. நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் போய் உட்கார்ந்தேன். மொத்தம் ஒன்பது பேர், அதில் எட்டுப் பேர் தலையாட்டினார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு. பெயரிலேயே 'பொது' இருக்கிறது, நாமும் போய்க் கேட்கலாம். ஐந்தாறு ஆண்டு உழைப்பை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். தமிழ், வரலாற்றுத் துறைகளில் நான் கேட்ட நல்ல பேச்சுகளில் சில இப்படிக் கிடைத்தவைதான்.

படி 1: தனிக் காலண்டர் ஒன்று

உங்கள் வழக்கமான காலண்டரில் சொற்பொழிவுகளைச் சேர்க்காதீர்கள். பல் மருத்துவரும் இயற்பியலும் ஒரே நிறத்தில் வந்தால் இரண்டையும் கோட்டைவிடுவோம். இடப்பக்கம் 'அதர் காலண்டர்ஸ்' பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி 'கிரியேட் நியூ காலண்டர்' கொடுங்கள். 'சொற்பொழிவு' என்று பெயர் வைத்து, கண்ணில் அடிக்கும் நிறம் ஒன்றைக் கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 2: ஊட்டத்தின் முகவரியை எடுப்பது

ஊட்டம் (ஃபீட்) என்றால், ஒரு நிறுவனம் தன் நிகழ்ச்சிப் பட்டியலைக் காலண்டர் செயலிகள் படிக்கிற மாதிரி இணையத்தில் போட்டுவைக்கும் கோப்பு. பல நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பக்கத்தில் 'சப்ஸ்கிரைப்' அல்லது 'ஐகால்' என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில். அதைச் சொடுக்காதீர்கள். வலது சொடுக்கில் முகவரியை மட்டும் படியெடுங்கள். சொடுக்கினால் ஒரு கோப்பு இறங்கும், இல்லையென்றால் கணினியில் என்றைக்கோ போட்டு மறந்த அஞ்சல் செயலி ஏதாவது திறந்துகொண்டு கணக்கு கேட்கும். 'வெப்கால்' என்று தொடங்கும் முகவரியாக இருந்தால் அந்தச் சொல்லை அழித்துவிட்டு 'எச்டிடிபிஎஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, உலாவியின் மேல்பட்டையில் இருக்கும் பக்க முகவரியைப் படியெடுத்து ஒட்டுவது. அதில் ஒன்றும் வராது. நமக்கு வேண்டியது ஐசிஎஸ் கோப்பின், அதாவது அந்த நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கும் கோப்பின் முகவரி.

படி 3: இறக்குமதி வேண்டாம், சந்தா

மறுபடியும் அதே கூட்டல் குறி. இப்போது 'ஃப்ரம் யூஆர்எல்' என்பதைத் தேர்ந்தெடுத்து முகவரியை ஒட்டுங்கள். அதற்குப் பக்கத்திலேயே 'இம்போர்ட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். இம்போர்ட் என்பது இன்றைய பட்டியலை ஒரு நகல் எடுத்து ஒட்டுவது மட்டும்தான். நாளைக்குப் பேச்சைத் தள்ளிவைத்தாலும் உங்கள் நகலில் பழைய தேதியே நிற்கும். யூஆர்எல் வழியாகச் சேர்த்தால் அங்கே மாற்றுவது இங்கேயும் மாறும்.

ஆனால் உடனே மாறாது. மாற்றம் வந்துசேர 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. அவசரப்படுத்த ஒரு பொத்தானும் கிடையாது. காலையில் ரத்தான பேச்சு மாலைவரை காலண்டரில் சிரித்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் படியைப் போன் செயலியில் செய்ய முடியாது. கணினியில் ஒருமுறை செய்துவிட்டால் போனிலும் தெரியும்.

படி 4: நேரத்தைச் சோதிப்பது (என்னைக் கவிழ்த்த படி)

ஐசிஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொடக்க நேரம் ஒரு வரியில் இருக்கும். முதலில் எட்டு இலக்கத்தில் ஆண்டு, மாதம், நாள். அப்புறம் ஆறு இலக்கத்தில் மணி, நிமிடம், நொடி. முற்பகல் 11.30 என்றால் 113000.

விஷயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஆறு இலக்கத்தை ஒட்டி ஆங்கில 'இசட்' எழுத்து இருந்தால், இது கிரீன்விச் நேரம் என்று அர்த்தம். இசட் இல்லாமல், வரியின் தொடக்கத்தில் 'ஏசியா கொல்கத்தா' என்று இருந்தால் நம் நேரம்.

நான் ஏமாந்த கதை இதுதான். நிகழ்ச்சியைப் பதிந்தவர் 11.30 என்று சரியாகத்தான் போட்டிருக்கிறார். அவர்களுடைய மென்பொருள் அதன் வாலில் ஒரு இசட்டை ஒட்டிவிட்டது. கூகுள் அதைப் பார்த்து, கிரீன்விச்சில் 11.30 என்றால் இந்தியாவில் மாலை 5.00 என்று பொறுப்பாக ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டியது.

இந்தப் பிழை சில நேரங்களில்தான் கண்ணில் படும். மாலை 4 மணிப் பேச்சு இரவு 9.30 என்று காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரும். காலை 10 மணிப் பேச்சு பிற்பகல் 3.30 ஆகிவிடும், அது கருத்தரங்குக்கே உரிய நேரம். யார் சந்தேகப்படுவார்கள்?

அதனால் புதிய ஊட்டம் ஒன்றைச் சேர்த்தவுடன் முதல் வேலையாக, அதில் வரும் ஏதாவது ஒரு பேச்சின் நேரத்தை அவர்களுடைய இணையப் பக்கத்திலோ சுவரொட்டியிலோ உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ஊட்டம் தப்பாக இருந்தால் அதில் வருவது எல்லாமே அதே அளவு தப்பாக இருக்கும். ஒருமுறை பார்த்தால் போதும்.

அவர்களைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் அமைப்பையும் பாருங்கள். காலண்டர் அமைப்புகளில் 'டைம் ஸோன்' இந்திய நேரம், கூட்டல் 5.30 என்று இருக்க வேண்டும். வெளிநாடு போய்வந்தவர்கள் சிலருக்கு இது லண்டனிலேயே நின்றிருக்கும். அப்போது பிழை எதிர்ப்பக்கம் போகும், குளிர்காலத்தில் 3.30 பேச்சு காலை 10.00 என்று தெரியும்.

ஊட்டம்தான் தப்பு என்றால் சந்தா வழியே வந்த நிகழ்ச்சியை நாம் திருத்த முடியாது. நிகழ்ச்சியைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தினால் உங்கள் காலண்டருக்கு நகலெடுக்கும் வசதி வரும். படி 1-இல் செய்த 'சொற்பொழிவு' காலண்டருக்கு நகலெடுத்து, அங்கே நேரத்தைத் திருத்துங்கள். அப்படியே அந்த நிறுவனத்துக்கும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். நான் எழுதிய மூன்றாம் நாள் சரிசெய்துவிட்டார்கள். பாவம், அவர்களில் யாரும் தங்கள் ஊட்டத்துக்கே சந்தா போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படி 5: அழைப்பிதழ் படங்கள்

தமிழ்த் துறைகளிலும் வரலாற்றுத் துறைகளிலும் ஊட்டமாவது ஒன்றாவது. அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், அதோடு சரி. இதைக் கையால்தான் ஏற்ற வேண்டும். கூகுள் லென்ஸில் காட்டினால் தமிழ் எழுத்தை நன்றாகவே படித்துத் தருகிறது. தலைப்பையும் பேச்சாளர் பெயரையும் படியெடுத்து ஒட்டிவிடலாம். தேதியை மட்டும் நீங்களே கண்ணால் பார்த்துப் போடுங்கள். ஏனென்றால் பல அழைப்பிதழ்களில் இரண்டு தேதி இருக்கும். 'திருவள்ளுவராண்டு 2055, ஆவணி 6' என்று ஒரு மூலையில், '22.08.2024, வியாழக்கிழமை' என்று இன்னொரு மூலையில். இரண்டும் ஒரே நாள். திருவள்ளுவராண்டில் 31-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். தைக்கு முந்தைய ஜனவரி நாட்களில் மட்டும் 30-ஐக் கழிக்க வேண்டும். என் நண்பர் 6-ஐப் பிடித்துக்கொண்டு ஆறாம் தேதியே போய் நின்றார்.

இன்னொரு சூட்சுமம் நேரம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்துதான் சிறப்புரை. பத்து மணி என்று போட்டிருந்தால் காலண்டரில் நான் பத்து என்றே ஏற்றுவேன், ஆனால் நிகழ்ச்சியின் நீளத்தை மூன்று மணி நேரமாக வைப்பேன். அறிவியல் நிறுவனங்களில் இந்தக் கணக்கு செல்லாது. 3.30 என்றால் 3.32-க்கு முதல் ஸ்லைடு வந்திருக்கும்.

வாட்ஸ்அப் குழுவே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நல்ல காலை வணக்கங்களுக்கு நடுவே ஒரு அழைப்பிதழ் வரும், மறுநாள் அது நாற்பது செய்திக்கு மேலே போய்விடும். மின்னஞ்சல் பட்டியல் இருந்தால் அதில் சேர்ந்து, ஜிமெயிலில் ஒரு வடிகட்டி போட்டுத் தனி லேபிளில் விழவிடுங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு காபியோடு திறந்து பார்த்தால் போதும். (பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டி, 2013-இல் மூடப்பட்ட கூகுள் ரீடர் இன்றும் இருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.)

படி 6: முந்தைய நாள் மாலை

நினைவூட்டலை அரை மணி முன்பு வைக்காதீர்கள், சென்னைப் போக்குவரத்தில் அது எதற்கும் உதவாது. நான் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று ஒரு நாள் முன்பு, இன்னொன்று இரண்டு மணி நேரம் முன்பு. முதல் நினைவூட்டல் அடித்ததும் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து மூன்றைப் பார்ப்பேன்: பேச்சு உண்டா, அதே அரங்கமா, முன்பதிவு கேட்டிருக்கிறார்களா. வெளியாட்களை விடுவது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். வாசலில் கேட்பார்கள் என்பதால் படத்தோடு கூடிய அடையாள அட்டையும், அறிவிப்பின் திரைப்பிடிப்பும் போனில் இருக்கட்டும். 'செமினார் போறேன்' என்று சொன்னால் காவலருக்கு ஒன்றும் புரியாது, எந்தக் கட்டடம் என்று சொல்லுங்கள்.

ஐஐடிக்கு முதல்முறை போகிறவர்கள் வாசலில் இறங்கியதும் வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே கஜேந்திரா சர்க்கிள் வரைக்குமே நல்ல நடை. வளாகப் பேருந்துக்கு நின்றால் நேரம் தனி. நான் கூடுதலாக அரை மணி வைத்துக்கொள்வேன். சீக்கிரம் போய்விட்டால் மான் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு ஒருவர், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிப் பேச்சு நவம்பரில் திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப்போனதே, இதுவும் இசட் கோளாறா என்று கேட்டார். இல்லை. அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். லண்டனிலும் அப்படித்தான், அங்கே மாலை 4 மணி என்பது நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிரில் 9.30. ஊட்டம் சரியாக இருந்தால் காலண்டர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கையால் ஏற்றும்போது மட்டும், நிகழ்ச்சியின் நேரத்துக்குப் பக்கத்தில் 'டைம் ஸோன்' அழுத்தி லண்டன் என்றோ நியூயார்க் என்றோ கொடுத்துவிடுங்கள். நீங்களே கூட்டிக் கழிக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 2: இன்னொரு வாசகர் தன் 'சொற்பொழிவு' காலண்டரை நண்பர்களுக்குக் கொடுக்க நினைத்து, அமைப்புகளில் இருந்த 'சீக்ரெட் அட்ரஸ்' என்ற முகவரியைக் குழுவில் போட்டுவிட்டார். அந்த முகவரி கையில் இருக்கும் யாரும் காலண்டரைப் பார்க்கலாம். போட்டுவிட்டால் பதற வேண்டாம், பக்கத்திலேயே 'ரீசெட்' இருக்கிறது, அழுத்தினால் பழைய முகவரி செல்லாது. பகிர வேண்டும் என்றால் காலண்டரைப் பொதுவாக்கிவிட்டு 'பப்ளிக் அட்ரஸ்' கொடுங்கள். அதற்கு முன்னால், அந்தக் காலண்டரில் பல் மருத்துவர் நுழைந்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.